ஆமி முடியுது: 90 துவக்கை 100 பிராங்குக்கு எடுக்கிறதா, திருப்பிக் குடுக்கிறதா?

கஜன்_ஆராவ்:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். எனக்கு இந்த வருசத்தோட சுவிஸ் ஆமி முடியுது. கடைசி வேகாவும் (வருடாந்த ஆமிப் பயிற்சி) செய்திட்டன். கார்த்திகையில உடுப்பு, பாக், ஹெல்மெற் எல்லாம் ஒப்படைக்க வேணும். துவக்கை மட்டும் விரும்பினால் வச்சிருக்கலாம். 100 பிராங்க் கட்டினால் ஸ்டூர்ம்கெவேர் 90 எனக்குச் சொந்தம், தொடர்சூட்டை எடுத்துப்போட்டு ஒற்றைச்சூடு மட்டும் சுடுற மாதிரி மாத்தித் தருவினம்.

சுடுறது எனக்கு உண்மையாவே பிடிக்கும். எங்கட ஊர் ஷூட்சன்ஃபெராய்னில (சூட்டுச் சங்கம்) ஒப்லிகாட்டோரிஷும் (ஆமிக்காரர் கட்டாயம் சுட வேண்டியது) ஃபெல்ட்ஷீசனும் (நாடு முழுக்க நடக்கிற சூட்டு விழா) விடாமல் செய்தனான், சூட்டுப் புத்தகத்தில எல்லாம் பதிஞ்சிருக்கு. அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை.

பிரச்சினை துவக்கு. எனக்குத் தந்தது என்னைவிட வயசு கூடினது. பிடியில பிளாஸ்ரிக் தேஞ்சு மினுங்குது. தோளில வைக்கிற, மடிக்கிற குண்டாவை விரிச்சால் கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கு. இந்த வைகாசி ஃபெல்ட்ஷீசனில என்ர சூடு முழுக்க இடப்பக்கம் கீழ போனது. அது என்ர கையா, துவக்கா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? வேலையில ஒரு வயசானவர் "90ஐ விடு, 57ஐ எடு, அதுதான் துவக்கு" எண்டு நிண்டுகொண்டிருக்கிறார். 57 எண்டது 90க்கு முந்தின ஆமித் துவக்கு.

மற்றது வீடு. அம்மா அப்பாவோடதான் இருக்கிறன். அம்மா 95 இடப்பெயர்வில என்னை இடுப்பில வச்சுக்கொண்டு சாவகச்சேரிக்கு நடந்தவ. நான் ஆமி உடுப்போடயும் துவக்கோடயும் முதல் தரம் வீட்டுக்கு வந்தபோது அவ குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்தினவ. பிறகு பழகியிற்றா எண்டு நினைச்சன். இப்ப "ஆமி முடிஞ்சால் அதுவும் போகும்தானே?" எண்டு கேக்கிறா. அப்பாவிட்ட இன்னும் சிறிலங்கா பாஸ்போட், சி பெர்மிற் (நிரந்தர வதிவிட அனுமதி). சிறிலங்கா ஆக்கள் இங்க துவக்கு வச்சிருக்கக் கூடாது எண்டு சட்டமாம். நான் எடுத்து வீட்டில வச்சால் அவருக்கு ஏதும் வருமா?

அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

முந்நூறு_மீற்றர்:

தம்பி கஜன்,

57 கதையை முதல்ல முடிப்பம். நீர் 57 எடுக்கேலாது. ஆமி உமக்குத் தந்த துவக்கைத்தான் உமக்குத் தரும். 57 வேணுமெண்டால் வெளியில ஒருத்தரிட்ட வாங்க வேணும், அது வேற பாதை. 2019 வைகாசியில ஆயுதச் சட்டம் பற்றி நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, ஆவணி 15இல இருந்து, தொடர்சூட்டில இருந்து ஒற்றைச்சூட்டுக்கு மாத்தின துவக்கெல்லாம் "தடை செய்யப்பட்டது" எண்ட வகைக்குள்ள போயிற்று. வாங்கிறதெண்டால் விசேட அனுமதி எடுக்க வேணும். எடுத்த பிறகு அஞ்சாம் வருசத்திலயும் பத்தாம் வருசத்திலயும் நான் சங்கத்தில இருக்கிறன், இல்லாட்டி ஒழுங்கா சுடுறன் எண்டு காட்ட வேணும். ஆமி முடிச்சு நேரா ஆமியிட்ட இருந்து எடுக்கிறவனுக்கு மட்டும்தான் அந்த விசேட அனுமதி தேவையில்லை, சாதாரண அனுமதிப் பத்திரம் போதும். அதால உமக்கு முன்னால திறந்திருக்கிற கதவு ஒரு தரம்தான் திறக்கும். இப்ப திருப்பிக் குடுத்திட்டு நாலு வருசம் கழிச்சு ஆசை வந்தால் முழுப் பாதையாலயும் நடக்க வேணும். இதை அவசரப்படுத்தச் சொல்லேல்லை, தெரிஞ்சுகொண்டு முடிவெடுக்க வேணும் எண்டுதான்.

நான் ரண்டும் வச்சிருக்கிறன். 90 என்ர ஆமித் துவக்கு, 2012இல எடுத்தது. 57 எங்கட சங்கத்தில இருந்த ஒரு கமக்காரக் கிழவனிட்ட, சட்டம் மாற முதல் வாங்கினது. உம்மட வேலையிடத்துப் பெரியவர் சொல்லுறதில நியாயம் இருக்கு. 57 அஞ்சே முக்கால் கிலோக்குக் கிட்ட வரும். நொய்ஹவுசனில செய்தது. பின்னால கறுத்த றப்பர் குண்டா, பரலை (துவக்குக் குழாய்) சுத்தி ஓட்டை போட்ட உறை, கையுறையோட இழுக்கிறதுக்கெண்டு கீழ மடிஞ்சு தொங்கிற நீளமான குளிர்காலக் குதிரை. அது சுடுறது ஜிபி 11 ரவை, 1911இல வந்தது, 7.5 மில்லிமீற்றர். அதே ரவையைத்தான் பழைய கரபீனர் 31உம் சுட்டது. படுத்து, முன்கால் ரண்டையும் ஊண்டி, றப்பரைத் தோளில இறுக்கினால் அது அசையாது. எறியிற வெற்றுக்கோதைப் பாத்தால் நீளப்பாட்டுக்குக் கறுத்த கோடு கோடா இருக்கும். ரவை இருக்கிற அறைக்குள்ள பள்ளம் வெட்டியிருக்கிறபடியால் புகை அப்பிடித் தடம் விடும். கோது பக்கத்து ஆளின்ர பாய்வரைக்கும் பறக்கும். நான் அதைக் காதலிக்கிறன் எண்டு சொல்ல வெக்கமில்லை.

ஆனால் உமக்கு 90தான் சரி. நாலு கிலோக்குக் கொஞ்சம் கூட. உம்மட உடம்பு பத்து வருசமா அதுக்குப் பழகியிருக்கு. 5.6 மில்லிமீற்றர் ஜிபி 90, தோளில தட்டிறதே தெரியாது. ஒரு விசயத்தை மட்டும் மனசில வையும்: ஆமி 90இன்ர பரலுக்குள்ள இருக்கிற சுருள் பள்ளம் 254 மில்லிமீற்றருக்கு ஒரு சுத்து. வெளியில விக்கிற பாரமான போட்டி ரவையளுக்கு அந்தச் சுத்து காணாது, பறக்கேக்க தள்ளாடும். ஃபோரத்தில எவரும் "77 கிறெயின் ரவை போட்டுப் பாரும்" எண்டு சொன்னால் கேக்காதையும். ஜிபி 90ஐப் போடும், அதுக்காகச் செய்த பரல் அது.

இப்ப உம்மட இடப்பக்கம் கீழ.

சங்கத்தில பயிற்சி நாளொண்டில போம். போக முதல் பரலை வடிவாத் துடையும், அந்த ஆமிக் கிறீஸ் ஒரு பொட்டும் உள்ளுக்கு இருக்கக் கூடாது. கிறீஸ் இருக்கிற பரலில முதல் சூடுகள் கண்ட இடத்துக்குப் போகும், அதை வச்சுத் துவக்கை எடை போடேலாது. வில்லையை, அதாவது பின்பக்கத்தில குறி பாக்கிற சில்லை, மூண்டில வச்சு, முன்கால் விரிச்சு, A10 இலக்கில சுடும். அது ஒரு மீற்றர் அகலம், பத்தாம் வட்டத்தின்ர விட்டம் பத்து சென்ரிமீற்றர், அதுக்கு வெளிய ஒவ்வொரு வட்டமும் சுத்திவர அஞ்சு சென்ரிமீற்றர் அகலம். முதல் ரண்டு மூண்டைக் கணக்கில எடாமல் விடும். பிறகு பத்துச் சூடு. எங்க விழுந்தாலும் குறியை மாத்தாதையும், திருகாணியைத் தொடாதையும். ஆக்கள் பிழை விடுறது இதிலதான்: ரண்டு சூடு இடப்பக்கம் போனவுடன வலப்பக்கம் குறி வைக்கத் தொடங்குவினம், பிறகு படத்தைப் பாத்தால் ஒண்டும் விளங்காது.

பத்தும் விழுந்த பிறகு கூட்டத்தைப் பாரும், நடுவைப் பாக்காதையும். பத்தும் ஒரு உள்ளங்கை ரண்டு உள்ளங்கை அளவுக்குள்ள ஒரே இடத்தில, ஆனால் இடப்பக்கம் கீழ எண்டால் உம்மட துவக்கு அருமையான துவக்கு, வில்லைத் திருகாணிதான் விலகியிருக்கு. திருப்பினால் முடிஞ்சுது. கூட்டம் மேலயும் கீழயுமா நீண்டிருந்தால் அநேகமா உம்மட மூச்சு. நாலாபக்கமும் சிதறியிருந்தால்தான் பரலைச் சந்தேகப்பட வேணும்.

அதுக்குப் பிறகு ஒரு வேலை. உங்கட சங்கத்தில நல்லாச் சுடுற ஒருத்தரிட்ட உம்மட துவக்கைக் குடும், அவரின்ர துவக்கை நீர் வாங்கும். ரண்டு பேரும் சுடுங்கோ. அவர் உம்மட துவக்கில வட்டத்துக்குள்ள போட்டால், நீர் அவரின்ரயில இடப்பக்கம் கீழ போட்டால், வலது கை சுடுறவர் எண்டால் விடை தெரிஞ்சுபோச்சு: குதிரையை இழுக்கேக்க முழுக் கையையும் சேர்த்து நெரிக்கிறீர். இப்பிடிச் சுட்டுப் பாக்காமல் எந்தத் துவக்கையும் நல்லது கூடாது எண்டு சொல்லுறதை நான் நம்புறேல்லை.

குண்டா ஆடுறதைச் சாதாரணமா விடாதையும். விரிச்சுப் பூட்டி, கன்னத்தை வச்சு அழுத்திப் பாரும். நுனியில ஒரு சின்ன ஆட்டம் எண்டால் பழசு, பரவாயில்லை. பூட்டுற இடத்திலயே கிளிக் எண்டு இருக்காமல் வழுகினால் மாத்த வேணும். முன்கால் ரண்டும் ஒரே இறுக்கமா நிக்குதா எண்டு பாரும். மகசினை வெளிச்சத்துக்குப் பிடிச்சு உதட்டில வெடிப்பு இருக்கா எண்டு பாரும், உள்ளுக்குத் தெரியிற பிளாஸ்ரிக் எண்டபடியால் சுகம். பரல் வாயில, ரவை வெளிய வாற விளிம்பில, கீறல் அல்லது தட்டுப்பட்ட அடையாளம் இருக்கா எண்டு ரோர்ச் பிடிச்சுப் பாரும். அந்த விளிம்பு ஒரு மயிரளவு பழுதானாலும் 300 மீற்றரில தெரியும்.

இதெல்லாத்தையும் கார்த்திகைக்கு முதல் செய்யும். இண்டைக்கு அது ஆமியின்ர துவக்கு, பழுதைக் கொண்டுபோய்க் காட்டினால் ஆமி திருத்தும். வாஃபன்மெக்கானிக்கரிட்ட (துவக்குத் திருத்துறவர்) பரலை அளவுகோல் போட்டுப் பாக்கச் சொல்லிக் கேளும், கேக்கிறதில பிழை இல்லை. உடலில தனியார் துவக்கு எண்டதுக்கு "P" அடிச்சு உம்மட கையில தந்த பிறகு அதின்ர ஒவ்வொரு ஊசியும் உம்மட செலவு.

இனி அப்பா. நீர் கேள்விப்பட்டது உண்மை. ஆயுதக் கட்டளைச் சட்டத்தின்ர 12ஆம் பிரிவில நாட்டுப் பட்டியல் ஒண்டு இருக்கு: சேர்பியா, பொஸ்னியா, கொசோவோ, வட மசிடோனியா, துருக்கி, அல்ஜீரியா, அல்பேனியா, அதோட சிறிலங்கா. அந்தக் குடியுரிமையில இருக்கிறவை இங்க துவக்கு வாங்கேலாது, வச்சிருக்கேலாது, சுடவும் ஏலாது. முப்பது வருசம் இங்க வரி கட்டினவரா இருந்தாலும் அதுதான். எனக்கு அது வலிக்கிற சட்டம், ஆனால் சட்டம். உமக்கு அது பொருந்தாது, நீர் சுவிஸ் பிரசை. துவக்கு உம்மட பேரில, உம்மட பூட்டில இருந்தால் அப்பாவுக்கு ஒண்டும் வராது. ஆனால் சாவி அவரிட்ட இருக்கக் கூடாது, சாவி இருக்கிற இடமும் தெரியக் கூடாது. உரிமை இல்லாத ஆளின்ர கையில படாமல் வைக்கிறது சொந்தக்காரன்ர கடமை. ஃபெல்ட்ஷீசனுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பாக்கட்டும், கைதட்டட்டும், சொசிச் சாப்பிடட்டும். "ஒருக்கா சுட்டுப் பாருங்கோ அப்பா" எண்டு மட்டும் அன்பிலயும் சொல்லிப்போடாதையும்.

பூட்டிறது எப்பிடி எண்டும் சட்டம் சொல்லுது. தொடர்சூட்டில இருந்து மாத்தின துவக்கெண்டால் போல்ட்டைக் கழட்டி, மிச்சத் துவக்கில இருந்து வேறயா, பூட்டி வைக்க வேணும். உமக்குத் தெரிஞ்ச வேலைதான்: பின் ஆணியைத் தள்ளி, உடலை மடிச்சு, இழுக்கிற பிடியை வெளிய எடுத்தால் போல்ட் கையில வரும். நான் துவக்கை கெல்லரில (நிலக்கீழ் அறை) இரும்பு அலுமாரியிலயும், போல்ட்டை மேல் வீட்டில சின்னப் பெட்டியிலயும் வச்சிருக்கிறன். வீட்டில ஒரு ரவையும் இல்லை. சங்கத்தில மானிய விலைக்கு வாங்கிற ரவையை அங்கயே சுட்டு முடிக்க வேணும், மிஞ்சினால் திருப்பிக் குடுக்க வேணும். எனக்கு அது பெரிய நிம்மதி. நான் ரெக்ரூட்டன்ஷூல (ஆமியின்ர ஆரம்பப் பயிற்சி) முடிச்ச காலத்தில 50 ரவை அடைச்ச தகரப் பேணியையும் வீட்டுக்குத் தந்து விட்டவை. 2007இல அதை நிப்பாட்ட முடிவெடுத்தது நல்ல வேலை.

கடைசியா என்ர எண்ணம். வாற வருசமும் அதுக்கடுத்த வருசமும் சங்கத்தில காசு கட்டி, மாலையில போய்ப் படுத்துச் சுடப்போறீர் எண்டால் எடும். "பத்து வருசம் தூக்கின துவக்கு, ஒரு ஞாபகத்துக்கு" எண்டால் குடுத்துவிடும். சுடாமல் கெல்லரில கிடக்கிற துவக்கால ஒருத்தருக்கும் நன்மை இல்லை. ஞாபகத்துக்குப் படம் இருக்கு.

வசந்தி_வின்ரர்தூர்:

கஜன், நான் உங்கட அம்மாவின்ர பக்கத்தில இருந்து எழுதிறன்.

என்ர மகளுக்குப் பதின்மூண்டு வயசு வந்தவுடன சூரிச் க்னாபன்ஷீசனுக்கு, பிள்ளையளின்ர சூட்டுப் போட்டிக்கு, போகப்போறன் எண்டு நிண்டா. புரட்டாதி மாசம், அல்பிஸ்கூற்லியில, 13இல இருந்து 17 வயசுப் பிள்ளையள் இதே 90ஆலதான் சுடுறவை. 1991இல இருந்து பெண்பிள்ளையளையும் விட்டிருக்கினம். எனக்கு 87இல இந்தியன் ஆமி எங்கட ஒழுங்கையால எஸ்எல்ஆரைப் பிடிச்சுக்கொண்டு போனது கண்ணுக்குள்ள நிக்குது. அதுக்குப் பிறகு ரி-56ஓட வந்தவை. துவக்கைப் பிடிச்சிருக்கிற ஆள் எந்தப் பக்கம் எண்டாலும் எனக்கு வயித்தைப் புரட்டும். பிள்ளை படுத்துக் கன்னத்தை வச்சபோது நான் அங்கால திரும்பி நிண்டனான்.

ஆனால் அங்க நிண்டு பாத்ததில ஒண்டு சொல்லுவன். பக்கத்தில ஒரு உதவியாள் இருந்து ஒவ்வொரு ரவைக்கும் கையைப் பாத்துக்கொண்டிருந்தவர். சுட்டு முடிய மகசினைக் கழட்டி, உள்ள பாத்து, திருப்பிப் பாத்து, பிறகுதான் பிள்ளையை எழும்ப விட்டவர். எங்கட ஊரில துவக்கோட வந்த எவரும் அப்பிடி ஒருக்காலும் செய்து நான் பாக்கேல்லை. அதுக்குப் பிறகு மகள் போறதை நான் தடுக்கேல்லை. எண்டாலும் எங்கட வீட்டுக்குள்ள துவக்கு வரக் கூடாது எண்டதில நான் இப்பவும் உறுதி. பிள்ளைக்குச் சங்கம் இரவல் துவக்கு குடுக்குது, அங்கயே எடுத்து அங்கயே வைக்கிறா.

அம்மா "அதுவும் போகும்தானே?" எண்டு கேட்டது கேள்வி இல்லை தம்பி. அவ பத்து வருசமா இந்த நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறா. நீங்கள் எடுக்கிறதெண்டால் அவவிட்ட நேரா இருந்து கதைச்சு, அவ சரி எண்டால் மட்டும் எடுங்கோ. அவவுக்குத் தெரியாமல் கெல்லரில வச்சால், அவ உடுப்புத் தோய்க்க இறங்கேக்க ஒவ்வொரு தரமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேணும்.

மலர்_பேர்ன்:

நான் மனநலப் பிரிவில தாதியா வேலை செய்யிறன். முந்நூறு மீற்றர் அண்ணை துவக்கைப் பற்றி எழுதினதில எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை, ஆனால் ஒரு பக்கம் விடுபட்டுப்போச்சு, அதைச் சொல்லாமல் போகேலாது.

2011 மாசியில ஆயுதங்களை வீட்டில வைக்காமல் ஆமிக் களஞ்சியத்தில வைக்க வேணும் எண்டு வாக்கெடுப்பு வந்தது, 56 வீதம் பேர் வேண்டாம் எண்டினம். நான் வேணும் எண்டு போட்டனான். அதுக்குக் காரணம் களவோ கொலையோ இல்லை, தற்கொலை. 2003-04இல ஆமியைச் சுருக்கி, பெருந்தொகை ஆம்பிளையளை முந்தியே வீட்டுக்கு அனுப்பினபோது, அவையின்ர துவக்குகளும் வீட்டை விட்டுப் போனது. அதுக்குப் பிறகு 18இல இருந்து 43 வயசு ஆம்பிளையளில தற்கொலை குறைஞ்சதையும், குறிப்பாத் துவக்கால நடந்தது குறைஞ்சதையும் இங்கத்தை ஆய்வாளர்கள் கணக்கெடுத்து எழுதியிருக்கினம். துவக்கு இல்லாமல் போனவையில கனபேர் வேற வழியைத் தேடேல்லை. அந்த ஒரு இரவு கையில ஒண்டும் இல்லாமல் கழிஞ்சது, அடுத்த நாள் விடிஞ்சது. இதை வேலையில நான் நேரில பாக்கிறன்.

எங்கட ஆக்கள் மனவருத்தத்தை "யோசினை", "தலையிடி", "நித்திரை வருதில்லை" எண்டுதான் சொல்லுவினம். அப்பாமார் அதுவும் சொல்ல மாட்டினம். கஜன், உங்களிட்ட நேரா மூண்டு விசயம் கேக்கிறன், இங்க பதில் எழுதத் தேவையில்லை. உங்களுக்கு எப்பவாவது வாழ்க்கை போதும் எண்டு வந்திருக்கா? அப்பாவோ அம்மாவோ தம்பி தங்கச்சியோ அப்பிடிக் கதைச்சிருக்கினமா? வீட்டில குடி இருக்கா? ஒண்டுக்காவது ஓம் எண்டால் கார்த்திகையில திருப்பிக் குடுங்கோ, வேற கதையே வேண்டாம். எல்லாத்துக்கும் இல்லை எண்டால் அண்ணை சொன்ன மாதிரிப் போல்ட்டையும் ரவையையும் வையுங்கோ. பின்னால எப்ப நிலைமை மாறினாலும் கன்ரோன் பொலிசுக்குக் கொண்டுபோய்க் குடுக்கலாம், காசு எடுக்க மாட்டினம். ஆருக்காவது கதைக்க வேணுமெண்டால் 143க்கு எந்த நேரமும் அடிக்கலாம்.

கஜன்_ஆராவ்:

எல்லாருக்கும் நன்றி. மலர் அக்கா, உங்கட மூண்டுக்கும் இருந்து யோசிச்சன். எனக்கு இல்லை. அப்பாவை நினைச்சுத்தான் கொஞ்சம் நிண்டன், பென்சன் எடுத்த பிறகு ஆள் அமைதியாயிற்றார். தங்கச்சியோட கதைச்சன், அவவும் கவனிச்சிருக்கிறா. டொக்ரரிட்டக் கூட்டிக்கொண்டு போகப்போறம்.

வசந்தி அக்கா, அம்மாவிட்டக் கேட்டன். அவ சொன்னது இதுதான்: "நீ சுடுறது பிரச்சினை இல்லை. அது நாங்கள் படுக்கிற வீட்டில படுக்கிறதுதான் பிரச்சினை."

முந்நூறு மீற்றர் அண்ணை, சுட்டுப் பாத்தன். பத்துச் சூடு, திருகாணி தொடேல்லை. ஒண்டு மட்டும் ஏழில, மிச்ச ஒன்பதும் ஒரு கைக்குள்ள, இடப்பக்கம் கீழ. பிறகு சங்கத் தலைவர் என்ரயை எடுத்துச் சுட்டார், அவருக்கும் அதே இடம். நான் அவரின்ரயில சுட்டன், நடுவில. அப்ப துவக்கு நல்லது, வில்லைதான் விலகியிருக்கு எண்டு எடுக்கலாமா? குண்டா பூட்டுற இடத்தில கிளிக் எண்டு இறுக்கமாத்தான் நிக்குது.

இன்னொரு கேள்வி. அம்மா சொன்னதுக்குப் பிறகு, எடுத்து வேற எங்கயாவது வைக்கலாமா? சங்கத்தில?

முந்நூறு_மீற்றர்:

ஓம் தம்பி, அது நல்ல துவக்கு. ஒன்பது ரவை ஒரு கைக்குள்ள போகுதெண்டால் பரல் உயிரோட இருக்கு. ஏழாம் வட்டத்தில விழுந்த அந்த ஒரு சூட்டை உம்மட பிழையா எடும், துவக்கில பழி போடாதையும். வில்லையைத் திருப்பி, நடுவுக்குக் கொண்டுவந்து, ஆர் திருப்பினது எந்தப் பக்கம் எத்தினை கிளிக் எண்டு புத்தகத்தில எழுதும்.

மலர் தங்கச்சி எழுதினதுக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டன். நான் 2011இல மற்றப் பக்கம் வாக்குப் போட்டவன், இப்பவும் அப்பிடித்தான் போடுவன். ஆனால் அவ கேட்ட மூண்டு கேள்வியையும் எங்கட சங்கத்தில புதுசாத் துவக்கு எடுக்கிற பொடியளிட்டக் கேக்க வேணும் எண்டு கூட்டத்தில சொல்லப்போறன். அப்பாவைக் கட்டாயம் டொக்ரரிட்டக் காட்டும். உம்மட வீட்டைப் பொறுத்தவரைக்கும் அந்த ஒண்டே எனக்குப் போதும்: இப்போதைக்கு அந்த வீட்டுக்குள்ள துவக்கு வேண்டாம்.

சங்கத்தில வைக்கிறது பற்றி. சில சங்கங்களில சூட்டு வீட்டில பூட்டுற அலுமாரி இருக்கு, சிலதில இல்லை. உங்கட தலைவரிட்டக் கேளும். இருந்தால், துவக்கு அங்க உம்மட பூட்டில, போல்ட் வேற இடத்தில பூட்டி எண்டு வைக்கலாமா எண்டு கன்ரோன் பொலிசின்ர ஆயுதப் பிரிவிலயும் கேட்டு எழுத்தில வாங்கும். அனுமதிப் பத்திரத்துக்கு எப்பிடியும் அவையிட்டத்தானே போக வேணும், அடையாள அட்டைப் பிரதியும் சேர்த்து. பத்திரம் ஆறு மாசம் செல்லும், அதால ஒப்படைக்கிற நாளுக்குக் கனக்க முதல் எடுக்காதையும், கடைசிக் கிழமைக்கும் விடாதையும். போன மூண்டு வருசத்துக்குள்ள ஒப்லிகாட்டோரிஷ் ரண்டு, ஃபெல்ட்ஷீசன் ரண்டு புத்தகத்தில இருக்கா எண்டு திரும்ப ஒருக்கால் பாரும், முத்திரை இல்லாட்டி அண்டைக்கு நிண்டு வாதாடேலாது.

சங்கத்தில இடம் இல்லையெண்டால் 90ஐத் திருப்பிக் குடும். சங்கத்தின்ர இரவல் துவக்கால சுடலாம், கனபேர் அப்பிடித்தான் சுடுகினம், புள்ளிப் பட்டியலில அவையின்ர பேரும் மேலதான் நிக்குது. வாற வருசம் ஃபெல்ட்ஷீசனுக்கு 18 ரவையும் இலவசம், 72 புள்ளிக்கு எத்தினை எடுத்தீர் எண்டு இங்க வந்து எழுதும்.

கஜன்_ஆராவ்:

தலைவரிட்டக் கேட்டன் அண்ணை. அலுமாரி இருக்காம், ஒரு தட்டு காலியாம். போல்ட்டுக்கு வேற பெட்டி நான் வாங்கிப் பூட்ட வேணும். திங்கட்கிழமை பொலிசுக்கு எழுதிறன்.